சுரக் குறிப்பேட்டிலிருந்து ஸ்டாஃப் தாளுக்கு: மியூஸ்ஸ்கோருடன் ஏஐ உதவியாளரை இணைத்துப் பாட்டு எழுதுவது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை காலை கூடும் எங்கள் பிள்ளைகள் இசைக்குழுவில் இரண்டு எழுத்து வழக்கம் உண்டு. பாட்டு வாத்தியாரிடம் படித்த பிள்ளைகளுக்கு ஸ ரி க ம எழுதிக் கொடுத்தால் போதும். ஏபிஆர்எஸ்எம் என்ற மேற்கத்திய இசைத் தேர்வுக்காகப் பியானோவும் வயலினும் கற்றவர்களுக்கு ஐந்து கோட்டு ஸ்டாஃப் தாள் வேண்டும். ஒரே மெட்டை இரண்டு முறை எழுத வேண்டும். இரண்டாவது முறை எழுதுவதில்தான் என் வெள்ளிக்கிழமை இரவுகள் போயின. மே 16 ஆசிரியர் தினத்துக்கு ஒரு பாட்டுக் கட்டும்போது அந்த வேலையை ஏஐ உதவியாளரிடம் ஒப்படைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு கையால் மாற்றி எழுதவில்லை. இதே நிலையில் இருக்கும் பாட்டு ஆசிரியர்களும், பஜனைக் குழு நடத்துபவர்களும், வீட்டில் தனியாக மெட்டுப் போடும் இளையோரும் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கணினி நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் மென்பொருள்

இசைத் தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ முழுக்க இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புதியவர்கள் தடுமாறும் இடம் பதிவிறக்கத்திலேயே இருக்கிறது. மியூஸ்ஸ்கோர் டாட் ஓஆர்ஜி என்பதுதான் மென்பொருளின் இடம். மியூஸ்ஸ்கோர் டாட் காம் என்பது இசைத் தாள்களைப் பகிரும் தளம், அங்கே சந்தா கேட்பார்கள். கடன் அட்டை எண் கேட்கும் பக்கம் வந்தால் தவறான வாசலில் நிற்கிறீர்கள், திரும்பி வந்துவிடுங்கள். இதே வகை மென்பொருள்களான சிபேலியஸ், டோரிகோ வைத்திருப்பவர்களும் இந்தக் கட்டுரையைப் பின்பற்றலாம், கோப்பு வகை ஒன்றுதான். ஃபினாலே வைத்திருப்பவர்கள் மட்டும் வேறு வீடு பார்க்க வேண்டும். அதன் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள்.

ஏஐக்கும் மியூஸ்ஸ்கோருக்கும் நடுவில் ஓடும் மொழிக்கு மியூசிக் எக்ஸ்எம்எல் என்று பெயர். ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் எழுத்துப் பெயர், ஷார்ப்பா ஃப்ளாட்டா, எந்த ஸ்தாயி, எவ்வளவு நீளம் என்று சாதாரண எழுத்தில் எழுதிவைக்கும் கோப்பு அது. எழுத்து என்பதால் ஏஐயால் அதை எழுதவும் படிக்கவும் முடிகிறது. மிடி கோப்பும் கேட்டு வாங்கலாம், ஆனால் கேட்காதீர்கள். மிடி ஒவ்வொரு சுரத்தையும் ஓர் எண்ணாக மட்டும் வைத்துக்கொள்கிறது. 63 என்ற எண் டி ஷார்ப்பா, ஈ ஃப்ளாட்டா என்று அதற்குத் தெரியாது. நம் ராகங்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி, சற்றுக் கீழே சொல்கிறேன்.

மூன்று வகை இணைப்பு

எளிய வகையில் இணைப்பே கிடையாது. உலாவியில் எந்த ஏஐ உதவியாளரிடமும் சுரங்களைக் கொடுத்து, மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பாக வாங்கி, பதிவிறக்கி மியூஸ்ஸ்கோரில் திறக்கிறீர்கள். முதல் வாரம் இப்படியே செய்யுங்கள். திருத்தம் வரும்போதெல்லாம் பதிவிறக்கித் திறந்து பார்ப்பது அலுப்புத் தட்டும். அப்போது அடுத்த வகைக்குப் போகலாம்.

இரண்டாவது, கோப்புறை இணைப்பு. எம்சிபி என்ற பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. ஏஐ உதவியாளர் வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான ஒரு பொதுச் செருகி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக உங்கள் கணினியில் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் உதவியாளருக்குத் திறந்துவிடலாம். அது அங்கே கோப்பை எழுதும், படிக்கும், திருத்தும். நான் பயன்படுத்துவது இந்த வகைதான்.

மூன்றாவது, நேரடி இணைப்பு. மியூஸ்ஸ்கோருக்குள் ஒரு செருகுநிரலும், வெளியே ஒரு சிறு பாலம் நிரலும் சேர்ந்து இயங்கும். நீங்கள் கேட்கக் கேட்கத் திறந்திருக்கும் தாளிலேயே சுரங்கள் விழும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இவை ஆர்வலர்கள் எழுதிய நிரல்கள். நிறுவுவதற்குப் பைத்தான் என்ற நிரல்மொழி மென்பொருள் வேண்டும், மியூஸ்ஸ்கோரின் பதிப்பு மாறினால் சில வேளை நின்றுபோகும். இரண்டாவது வகை கைக்குப் பழகிய பிறகு முயலலாம். அப்போது செய்ய வேண்டியது: ஆவணக் கோப்புறைக்குள் மியூஸ்ஸ்கோர் உருவாக்கி வைத்திருக்கும் பிளகின்ஸ் கோப்புறையில் செருகுநிரலைப் போட்டு, முகப்புப் பக்கத்தின் பிளகின்ஸ் பகுதியில் அதை இயக்கத்துக்குக் கொண்டுவந்து, தாளைத் திறந்த பிறகு பிளகின்ஸ் பட்டியலிலிருந்து ஓடவிட வேண்டும். பலரும் மறப்பது இந்தக் கடைசிப் படியை. செருகுநிரல் ஓடாமல் பாலம் மட்டும் ஓடினால் உதவியாளர் ‘இணைக்க முடியவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

கோப்புறையைத் திறந்துவிடுதல்

ஆந்த்ரோபிக்கின் ஏஐ உதவியாளரான கிளாட் டெஸ்க்டாப் செயலியை வைத்துச் சொல்கிறேன், எம்சிபி ஏற்கும் மற்றச் செயலிகளிலும் சாரம் இதுதான். ஆவணங்களுக்குள் வைக்காமல், சி டிரைவில் நேரடியாக ஒரு கோப்புறை போடுங்கள். பெயர் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், ஒரே சொல்லாக இருக்கட்டும். ஆவணக் கோப்புறை பல கணினிகளில் ஒன்டிரைவோடு பிணைந்திருக்கிறது. நாம் நினைக்கும் முகவரி ஒன்று, உண்மை முகவரி வேறு என்று ஆகிவிடும்.

பிறகு செயலியின் அமைப்புகளுக்குள் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் ஃபைல்சிஸ்டம் என்பதைத் தேடி நிறுவி, உங்கள் கோப்புறையைச் சுட்டிக்காட்டுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். அந்த வழி அமையாவிட்டால், டெவலப்பர் பகுதியில் உள்ள அமைவுக் கோப்பைத் திறந்து கையால் எழுத வேண்டும். அதற்கு முன்னதாக நோட் ஜேஎஸ் என்ற துணை மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். கையால் எழுதும்போது விண்டோஸ்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்புறை முகவரியில் வரும் பின்சாய்வுக்கோடு (\) ஒவ்வொன்றையும் இரண்டாக எழுத வேண்டும், ஒற்றையாக விட்டால் அமைவுக் கோப்பே படிக்கப்படாது. சேமித்த பிறகு சாளரத்தை மூடினால் போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத்தில் வலச்சொடுக்கிச் செயலியை முழுதாக வெளியேற்றி, மறுபடி திறக்க வேண்டும்.

‘கோப்புறையில் என்ன இருக்கிறது?’ என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். பட்டியல் வந்தால் இணைப்பு வேலை செய்கிறது. எழுத அனுமதி கேட்கும்போது ஒவ்வொரு முறையும் பார்த்து அனுமதியுங்கள், எப்போதும் அனுமதி என்பதை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் மியூஸ்ஸ்கோரில் கையால் செப்பனிட்ட தாளை வேறு கோப்புறையில் வையுங்கள். ஏஐ எழுதும் இடமும் நீங்கள் காப்பாற்றும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது.

விதித்தாள்

இணைப்பை விட முக்கியமானது இது. கருவி எத்தனை நன்றாக இணைந்திருந்தாலும், உங்கள் குறிப்பேட்டின் வழக்கத்தை அது அறியாது. நாம் ‘ரி’ என்று எழுதினால் எந்த ரி என்பது ராகத்தின் பெயரில் அடங்கியிருக்கிறது, ஸ எங்கே என்பது பாடுபவரின் கட்டையில், அதாவது ஆதார சுருதியில், அடங்கியிருக்கிறது, நீளம் தாளத்தில் அடங்கியிருக்கிறது. நம் மனத்தில் இருக்கும் அத்தனையையும் ஒரு பக்கத்தில் எழுதி அந்தக் கோப்புறையிலேயே போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் ‘முதலில் விதித்தாளைப் படி’ என்று சொன்னால் போதும்.

கட்டையை மேற்கத்திய பெயராக மாற்றி எழுதுங்கள்: 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். எங்கள் ஆசிரியர் தினப் பாட்டு மோகனத்தில், 2 கட்டையில். மத்திய ஸ்தாயி ஸ முதல் மேல் ஸ வரை பிள்ளைகளின் குரல் சிரமமில்லாமல் ஏறி இறங்கும், வயலினுக்கும் டி வசதி. புல்லாங்குழல் பிள்ளைகளின் குழல் எந்தக் கட்டை என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குழலின் சுருதியை மென்பொருளில் மாற்ற முடியாது.

என் விதித்தாளின் ஒரு பகுதி இது (அட்சரம் என்பது தாளத்தின் ஓர் எண்ணிக்கை; ஆதி தாளத்தில் நான்கு அட்சர லகு ஒன்று, இரண்டு அட்சரத் திருதம் இரண்டு, எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று ஓர் ஆவர்த்தனம்):

‘ராகம் மோகனம். ஸ = டி, ரி = ஈ, க = எஃப் ஷார்ப், ப = ஏ, த = பி. வேறு சுரம் எந்த வாத்தியத்திலும் வரக் கூடாது. தாளம் ஆதி. ஓர் அட்சரம் ஒரு கால்நோட். ஓர் அட்சரத்தில் இரண்டு சுரம். கமா வந்தால் முந்தைய சுரம் அரை அட்சரம் நீளும், ஓய்வு அல்ல. சுரத்துக்குப் பின் ஒற்றைக் குறி வந்தால் மேல் ஸ்தாயி, முன்னால் புள்ளி வந்தால் கீழ் ஸ்தாயி. லகு ஒரு நான்கு-நான்கு பார், இரண்டு திருதமும் சேர்ந்து அடுத்த பார். ஆவர்த்தன முடிவில் இரட்டைக் கோடு. கால்நோட்டுக்கு 12 பிரிவு.’

கமாவைப் பற்றிய வரியை விட்டுவிட்டால் உதவியாளர் அதை ஓய்வாக எழுதிவிடும், சுரம் நீண்டு நிற்கும் கார்வை அறுந்துபோகும். கடைசியில் உள்ள 12 எதற்கு என்றால், மியூசிக் எக்ஸ்எம்எல்லில் ஒரு கால்நோட்டை எத்தனை துண்டாக எண்ணுவது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். 12 என்று வைத்தால் சதுஸ்ர நடையின் நான்கும் திஸ்ர நடையின் மூன்றும் மீதமில்லாமல் வகுபடும். கண்ட நடையின் ஐந்தும் வரும் என்றால் 60 ஆக வையுங்கள்.

முதல் ஆவர்த்தனம்

ஒரே ஓர் ஆவர்த்தனத்தில் தொடங்குங்கள். எங்கள் பாட்டின் முதல் வரி:

க க ரி க ப ப த ப | ஸ' , த ப | க ரி ஸ , ||

லகுவில் எட்டு, திருதம் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 16 இடம். இதைக் கொடுத்து, ‘விதித்தாளின்படி முதல் வயலினுக்கு மியூசிக் எக்ஸ்எம்எல்லாக எழுதிக் கோப்புறையில் சேமி. எழுதும் முன் ஒவ்வொரு பாரின் கூட்டுத்தொகையையும் காட்டு’ என்று கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தை ஒருபோதும் விடாதீர்கள். எண்ணிக் காட்டச் சொன்னால் பிழை பெரும்பாலும் அங்கேயே பிடிபடுகிறது. ஒரு முறை நான் அதைக் கேட்காமல் 16 ஆவர்த்தனத்தை ஒரேயடியாகக் கொடுத்தேன். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் ஒரு கார்வை அரை அட்சரம் குறைந்து, அதன் பிறகு வந்ததெல்லாம் தாளத்தை விட்டு நகர்ந்திருந்தது. ஒத்திகையில் மிருதங்கம் வாசித்த பையன்தான் முதலில் நிறுத்தினான்.

கோப்பை மியூஸ்ஸ்கோரில் திறக்கும்போது கோப்பு பழுது என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். எந்தப் பாரில் எவ்வளவு எதிர்பார்த்தது, எவ்வளவு கிடைத்தது என்று விவரத்தில் சொல்லியிருக்கும். அந்த வரியை அப்படியே நகலெடுத்து உதவியாளரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பிறகு மியூஸ்ஸ்கோரில் தாளை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும், வட்டில் மாறிய கோப்பு திரையில் தானாக மாறாது.

திறந்ததும் ஸ்பேஸ் பட்டையை அழுத்திக் கேளுங்கள். குறிப்பேட்டைக் கையில் வைத்து, தாளம் போட்டபடி கேளுங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் தாளில் காதுக்குப் பிழை இருக்கும்.

ராகம் கெடும் இடங்கள்

இரண்டாம் வயலினுக்கு ஒரு துணைக் குரல் எழுதச் சொன்னேன். இனிமையாகத்தான் வந்தது. ஆனால் பாட்டு மோகனமாக இல்லை. ஏஐ கற்றது பெரும்பாலும் மேற்கத்திய இசைத் தாள்கள். டி என்றதும் அதன் கை ஜி, ஏ ஏழு என்ற கார்டுகளுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளுக்கு, போகிறது. ஜி நமக்கு மத்யமம், ஏ ஏழில் இருக்கும் சி ஷார்ப் நிஷாதம். மோகனத்தில் இரண்டுமே இல்லை. டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி என்ற ஐந்து சுரத்துக்குள் முழுதாக அமையும் வழக்கமான மூன்று சுரக் கார்டு இரண்டுதான்: டி மேஜர், பி மைனர். இதை விதித்தாளில் எழுதிவிட்டேன். இப்போது துணைக் குரலுக்கு வேறு மாதிரி கேட்கிறேன்: ‘முதல் வயலின் நகரும்போது இரண்டாம் வயலின் ஸ அல்லது ப பிடித்து நிற்கட்டும். முதல் வயலின் கார்வையில் நிற்கும்போது இரண்டாம் வயலின் நான்கு சுரத்தில் பதில் சொல்லட்டும்.’ ஐந்து பதில் எழுதித் தரச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். உதவியாளரோடு சேர்ந்து மெட்டுக் கட்டுவதில் எனக்கு நிறைவு தருவது இந்தப் பகுதிதான். மூல மெட்டை நான் அதனிடம் கேட்பதில்லை. அது என் தொண்டையிலிருந்து வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாயாமாளவகௌளைக்குப் போனால் எழுத்துச் சிக்கல் வரும். 2 கட்டையில் ஸ டி, சுத்த ரி ஈ ஃப்ளாட், அந்தர க எஃப் ஷார்ப், ம ஜி, ப ஏ, சுத்த த பி ஃப்ளாட், காகலி நி சி ஷார்ப். இரண்டு ஃப்ளாட்டும் இரண்டு ஷார்ப்பும் ஒரே ராகத்தில். வழக்கமான கீ சிக்னேச்சர் எதிலும் இது அடங்காது. உதவியாளர் ஈ ஃப்ளாட்டுக்குப் பதில் டி ஷார்ப் என்று எழுதினால் ஒலி ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஸவும் ரியும் ஒரே இடத்தில் விழுந்து, படிக்கும் பிள்ளை குழம்பிப்போகும். ‘ஏழு சுரத்துக்கும் ஏழு எழுத்து, எதுவும் இரண்டு முறை வரக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தால் தீரும். கீ சிக்னேச்சர் வைக்காமல் அந்தந்தச் சுரத்துக்குப் பக்கத்திலேயே குறி போடச் சொல்லுங்கள், தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அதுவே தெளிவு. மிஸ்ர சாப்பு என்றால் ஏழு-எட்டு எழுதுவதோடு மூன்று, இரண்டு, இரண்டு என்ற பிரிவையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நோட்டுகளின் வால்கள் வேறு மாதிரி சேர்ந்து தாளத்தின் நடை கண்ணுக்கு மாறித் தெரியும்.

கமகம் தாளில் வராது. நான் எலும்பை மட்டும் எழுதி, அசைவை வகுப்பில் பாடிக் காட்டுகிறேன். உதவியாளர் கமகத்துக்காகச் சிறு சிறு அலங்கார நோட்டுகளைச் சேர்த்துத் தந்தால் நீக்கிவிடுங்கள். அப்படியே வாசித்தால் தந்தி அடித்தது போல இருக்கும்.

தீர்மானக் கணக்கு

கணக்கில் இந்த உதவியாளர் நல்ல துணை. தீர்மானம் என்றால் ஒரே சொற்கட்டு மூன்று முறை, நடுவில் இரண்டு இடைவெளி, முடிந்ததும் அடுத்த சுரம் சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், விழ வேண்டும். அரை அட்சரமாக எண்ணினால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 16: சொற்கட்டு 4, இடைவெளி 2 என்றால் சரியாக அமையும். இரண்டு ஆவர்த்தனத்துக்கு 32: சொற்கட்டு 8, இடைவெளி 4, அல்லது சொற்கட்டு 10, இடைவெளி 1. ‘32க்குள் அமையும் எல்லாவற்றையும் காட்டு, ஒவ்வொன்றையும் மோகனத்தில் எழுதிக் காட்டு’ என்றால் மளமளவென்று வரும். மிருதங்கத்துக்கு முழுப் பாட்டையும் எழுதாதீர்கள், வாசிப்பவர் கைக்கு விட்டுவிடுங்கள். தீர்மானத்தின் சொற்கட்டை மட்டும் வயலின் வரிக்கு மேலே எழுத்தாகப் போடச் சொன்னால் போதும். தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கும் இளைஞர்கள் சிலர் எங்கள் குழுவோடு சேரும்போதும் இதே முறைதான். அவர்களுக்குத் தேவை எங்கே நிறுத்துவது என்பது மட்டும்.

பாடல்வரி

தமிழ் வரியைச் சுரத்தின் கீழ் வைக்கும்போது ஏஐ எழுத்து எழுத்தாக வெட்டும். ‘வணக்கம்’ என்பதை வ, ண, க், க, ம் என்று ஐந்தாகப் பிரித்து, ஒரு சுரத்தின் கீழ் வெறும் ‘க்’கை வைத்திருந்தது. ஒற்றெழுத்தைத் தனியாகப் பாட முடியுமா? யாப்பில் போலவே ஒற்று முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும்: வ-ணக்-கம். ஆனால் யாப்பில் ‘வணக்’ ஒரே நிரையசை, பாட்டில் உயிர் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். ஆகவே விதித்தாளில், ‘புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முந்தைய எழுத்தோடு சேரும். உயிரும் உயிர்மெய்யும் ஒவ்வொன்றும் தனித் துண்டு’ என்று எழுதி, ஆ-சி-ரி-யர் என்று ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள்.

மியூஸ்ஸ்கோரின் இயல்பு எழுத்துரு எட்வினில் தமிழ் எழுத்து கிடையாது. ஃபார்மட் பட்டியலில் ஸ்டைல் பகுதிக்குப் போய்ப் பாடல்வரிக்கான எழுத்துருவை லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் கணினியில் ஒழுங்காகத் தெரிவது அச்சுக்கடையில் கட்டங்களாக வரலாம். கடைக்கு எப்போதும் பிடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள்.

தாளைப் பிரித்தல்

எல்லா வாத்தியமும் சேர்ந்த முழுத் தாள் நடத்துபவருக்கு. பிள்ளைகளுக்கு அவரவர் வரி மட்டும் போதும், மியூஸ்ஸ்கோரின் பார்ட்ஸ் பொத்தானில் அது தனித்தனியாகப் பிரிந்து வரும். அச்சிடும் முன் வீச்சைப் பாருங்கள். வாத்தியத்துக்கு எட்டாத சுரத்தை மியூஸ்ஸ்கோர் வேறு நிறத்தில் காட்டும். வயலினின் கடைசித் தந்தி நடு சி-க்குக் கீழே உள்ள ஜி, 2 கட்டையில் அது மந்திர (கீழ் ஸ்தாயி) மத்யமம். அதற்குக் கீழே வயலினில் ஒன்றும் இல்லை. ஆகவே மந்திர ரி, க எல்லாம் வந்தால் வயலினுக்கு ஒரு ஸ்தாயி மேலே எழுதச் சொல்ல வேண்டும்.

சுரம் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு கடைசி வேலை உண்டு. திருத்தி முடித்த தாளை மியூசிக் எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து, கோப்புறையில் போட்டு, விதித்தாளின்படி திரும்ப ஸ ரி க எழுத்தாக மாற்றச் சொல்லுங்கள். அப்படி வரும் சுரத்தை உங்கள் பழைய குறிப்பேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் இடம் ஒவ்வொன்றும் ஒன்று நீங்கள் வேண்டுமென்றே மாற்றியதாக இருக்கும், இல்லையென்றால் நழுவிய பிழையாக இருக்கும். அதையும் திருத்திய பிறகு இரண்டு தாளையும் ஒரே தேதியோடு அச்சிடுங்கள். எங்கள் குழுவில் தேதி ஒத்துப்போகாத தாளை யாரும் ஸ்டாண்டில் வைப்பதில்லை.